வெளுக்கக் காத்திருந்த கண்

அக்கா,

நேற்று முற்பகல் புதுவாயல் கூட்டுச் சாலையில் பேருந்துக்காக நின்றிருந்தேன். பச்சைக் கற்பூரமும் பன்னீரும் கலந்த நெடி ஒன்று மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தால், பின்கதவு திறந்த வண்டி; அதன் தலையில் ஒலிபெருக்கி; கீழே வெள்ளை மேலங்கி மாட்டிய ஒருவன். கையில் விரல் நீளக் குப்பி. "கண்ணு எரிச்சல், கண்ணு மங்கல், கண்ணுல பூ, கண்ணுல நீரு, எல்லாத்துக்கும் ஒரே சொட்டு. வுட்டுக்கினு ஊட்டுக்குப் போறதுக்குள்ள வித்தியாசம் தெரியும்" என்று கூவிக்கொண்டிருந்தான். ஒருவர் பின் ஒருவராக வந்து, வானத்தை நோக்கி முகத்தைக் காட்டி, அவன் விட்ட சொட்டை வாங்கிக்கொண்டு, குளிர்ச்சியாக இருக்கிறது என்று சிரித்தார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகிற இளைஞர்கள்; இரும்பு உருக்கும் இடத்தில் நாள் முழுதும் தீயைப் பார்த்து நிற்கிறவர்கள்; பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். குளிர்ச்சி போதும் அவர்களுக்கு. கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவல் அந்தக் கூட்டத்தில் ஓர் உயிருக்கும் இல்லை.

நீ இருந்திருந்தால் தலையிலிருந்த மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யோவ், மொதல்ல உன் கண்ணுல வுட்டுக் காட்டு, அப்பால ஊரான் கண்ணுக்கு வா" என்று கேட்டிருப்பாய். அதையே நான் கேட்டேன், என் தமிழில். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "பெரியவரே, வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வரும்" என்றான். கூட்டம் சிரித்தது. என் சொற்கள் அந்தச் சாலையில் ஒரு நாளும் விலைபோனதில்லை என்பதை உன்னைவிட அறிந்தவர் யார்?

அதனால்தான் எழுத அமர்ந்தேன். உனக்கு எழுத்துத் தெரியாது. உயிரோடு இருந்த காலத்திலும் என் எழுத்தில் ஒரு வரியும் நீ படித்ததில்லை. நீ போய் ஓராண்டு நிறையும் இந்நாளில் எழுதுவதால் புதிதாக எதையும் நாம் இழந்துவிடப் போவதில்லை.

உன்னை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் கண்டேன். அறுபதுகளின் நடுப்பகுதி. படிப்பகத்து நண்பர்கள் இதே கூட்டுச் சாலையில், அரிசி ஆலைச் சுவரை ஒட்டி மேடை போட்டு, "கண்ணைக் காப்போம்" என்ற தலைப்பில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். அயற்சொல் ஒன்று தப்பி வாயில் வந்தால் நாவைக் கடித்துக்கொள்ளும் அளவுக்குத் தனித்தமிழில் தோய்ந்திருந்த பருவம் எனக்கு. கண்ணைக் கயல் என்றேன், குவளை என்றேன், உயிரின் பலகணி என்றேன். மூச்சு வாங்கச் சற்றே நிறுத்தினேன். அந்த இடைவெளியில், மேடைக்கு இடப்பக்கம், பழவேற்காட்டு இறாலும் மடவையும் பரப்பிய ஈரச் சாக்கின் பின்னாலிருந்து உன் குரல் எழுந்தது.

"அண்ணாத்தே, பேச்சு ஜோராத்தான் கீது. அதையே ஒரு தபா தமிழ்ல சொல்லேன்."

எனக்குக் கிடைத்த கைதட்டலைவிட உனக்குக் கிடைத்தது பெரிது. பேச்சை முடித்துக்கொண்டு சினத்தோடு உன்னிடம் வந்தேன். நீ ஒரு மடவையின் செவுளை விரலால் விரித்து யாருக்கோ காட்டியபடி, என்னை நிமிர்ந்தும் பாராமல், "கயலுன்னா மீனுதானே? மீன் கண்ணை என்னிக்கினா கிட்ட பாத்துகிறியா நீ? செத்தப்பறமும் மூடாது. அத்தப் போயி பொம்பள கண்ணுக்குச் சொன்னானே, அவன் ஊட்டுல யாருமே மீனு வாங்கலியா?" என்றாய். மறுமொழி சொல்ல என்னிடம் பாட்டுகள் மலைபோல் குவிந்து கிடந்தன. மடவை என்ன விலை என்று கேட்டேன்.

உன்னைவிட இளையவன் நான். ஆனாலும் கடைசிவரை உனக்கு நான் அண்ணாத்தேதான். சாக்கின் முன் நின்று விலை கேட்ட எவனும் உனக்கு அண்ணாத்தேதான். நான் உன்னை அக்கா என்றேன். அதில் தொடங்கியது நம் உறவு. கூட்டம் முடிந்தால் உன் சாக்குக்கு எதிரே ஒரு கல்லில் வந்து அமர்வேன். நீ என்னைக் கிழிப்பாய். நான் ஊரைக் கிழிப்பேன். இருவருக்கும் மனம் நிறையும்.

அந்தக் கல்லில் அமர்ந்து பார்த்த காட்சி ஒன்று இன்றும் எனக்கு அருவருப்பூட்டுகிறது. மீன் வாங்க வருகிறவன் முதலில் மீனின் கண்ணைத்தான் பார்ப்பான். பளிங்குபோல் தெளிந்திருந்தால் பையை விரிப்பான். சற்று வெளுத்திருந்தால், "இன்னாமே, நேத்து மீனா?" என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு அடுத்த சாக்குக்கு நகர்வான். செத்த மீனின் கண்ணுக்கு இத்தனை ஆய்வு நடத்தும் மக்கள், தம் கண்ணை ஒரு நாள், தம்மைப் பெற்றவளின் கண்ணை ஒரு நாள், இப்படி வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்ததுண்டா? கறிக்கு வாங்கும் கண்ணுக்குக் காட்டிய அக்கறையைக் கட்டியவளின் கண்ணுக்குக் காட்டினார்களா? இந்த மக்களுக்காகத்தான் நான் தொண்டை வறளக் கத்தினேன்.

உன் கண் கெடத் தொடங்கியதை யாரும் அறியவில்லை, நீயும் அறியவில்லை. இடப்பக்கமாக யாராவது வந்து நின்றால், "இன்னா, பூனையாட்டம் வர?" என்று திட்டினாய். திட்டு உன் இயல்பென்று சிரித்தோம். பேருந்துக் கம்பியில் இடித்து உன் தோள் கன்றிப் போயிருந்தது. கூட்டத்தின் குற்றம் என்றாய். பக்கத்தில் வைத்த தராசைக் கையால் துழாவித் தேடினாய். ஆனால் நேர் எதிரே கிடக்கும் மீனின் கண்ணில் விழுந்த மெல்லிய வெண்மையை எட்ட நின்றே கண்டு சொன்னாய். அப்படிப்பட்டவளுக்குக் கண்நோய் என்று எவன் நம்புவான்?

பிறகு ஒரு கண் மங்கியது. அப்போது பழவேற்காட்டு ஏரிக்கரையில் உன் குப்பமே மருத்துவம் பார்க்கக் கிளம்பியது. உன் தாய்க்கு முன்பு புரை வந்திருந்தது. கருமணி வெளுத்துப் பால் உறைந்ததுபோல் ஆனபின் சென்னைக்குக் கொண்டுபோய் அறுத்து, தடித்த கண்ணாடி மாட்டினார்கள்; அவர் மீண்டும் வலை முடியப் பழகினார். அந்த ஒற்றைக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு குப்பத்தில் ஒவ்வொருவரும் கண் மருத்துவர் ஆனார்கள். கண் மங்கினால் புரை. புரை என்றால் முற்றவேண்டும். முற்றினால் அறுக்கலாம். அதற்குமேல் அறிய உலகில் ஒன்றுமில்லை. எங்கோ ஊசி போடக் கற்றுக்கொண்டு தன் வாசலில் மருத்துவர் என்று பலகை மாட்டியிருந்த ஒருவர், உன் இமையைப் பிதுக்கிப் பார்த்து, "பொரைதான். இன்னும் காயா கீது. பழுக்கட்டும், சொல்றேன்" என்றார். மாங்காய்க்குச் சொல்லும் தீர்ப்பை மனிதக் கண்ணுக்குச் சொன்னார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தீர்கள்.

அதன்பின் நாள்தோறும் காலையில் நீ பேருந்து ஏறுமுன் அடுத்த வீட்டுக்காரி உன் முகத்தை வெயிலுக்குத் திருப்பிக் கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பாள். "இன்னும் வெளுக்கலக்கா" என்று உதட்டைப் பிதுக்குவாள். ஏரிக்கரை அம்மனுக்கு விளக்கேற்றி வேண்டிக்கொண்டார்கள், விரைவில் வெளுக்கவேண்டும் என்று. கண் வெளுத்த மீனைத் தொட மறுத்த அதே கைகள், உன் கண் வெளுக்கவேண்டும் என்று குவிந்து நின்றன. இரண்டு இறால் பருவங்கள் வந்து போயின. உன் கண்ணோ கருகருவென்று, அழகாக, ஒரு குறையும் வெளிக்காட்டாமல், உள்ளே செத்துக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கண் மருத்துவ முகாம் நடந்தது, நினைவிருக்கிறதா? அறிவிப்புத் தாளில் சிறப்பு விருந்தினரின் பெயர் யானை அளவு. அவரை அழைத்து வந்தவர்களின் பெயர்கள் குதிரை அளவு. வந்து பார்க்கப் போகிற மருத்துவ அம்மையாரின் பெயர் எறும்பு அளவு. கட்டுப் போட்ட கண்களும் நீர் வழியும் கண்களுமாக மக்கள் வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். மருத்துவ அம்மையார் கைவிளக்கோடு ஆயத்தமாக அமர்ந்திருந்தார். ஆனால் தொடங்கக் கூடாதாம். விருந்தினர் வந்து குத்துவிளக்கு ஏற்றிய பின்புதான் நோய்கள் கண்டறியப்பட வேண்டுமாம்.

"இன்னா, அவரு வந்து கண்ணைத் தொறந்து வெச்சாத்தான் டாக்டரம்மா பாக்கணுமா?" என்று வரிசையிலிருந்து நீ கேட்டாய். மார்பில் துணிப்பூ குத்திய ஒருவன் உன்னை அமைதியாக இருக்கச் சொன்னான்.

விருந்தினர் வந்தார். மாலைகள் ஏறி இறங்கின. தம் இளமை, தம் ஈகை, தம் எளிமை ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேசினார். கண்ணைப் பற்றி, அது இரண்டு என்பதற்குமேல் அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஒரு முதியவரை மேடைக்கு இழுத்து அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அந்த முதியவருக்குக் கண்ணில் ஒரு கேடும் இல்லை, அக்கா, காதுதான் கேளாது. எதற்காகத் தம்மை ஏற்றினார்கள் என்பதை அவர் இறங்கிய பின்னும் அறியவில்லை. எல்லாம் முடிந்து, பந்தலில் பாதி வெறுமையான பின்பு, உன் முறை வந்தது. நான் உன் பக்கத்தில் நின்றேன்.

மருத்துவ அம்மையார் கண்ணில் ஒரு மரப்பு மருந்தை விட்டு, சிறு கருவி ஒன்றை அதன்மேல் மெல்ல வைத்து அழுத்தம் பார்த்தார். பிறகு விளக்கைப் பிடித்து நெடுநேரம் உள்ளே பார்த்தார். "எத்தனை நாளாம்மா இப்படி?"

"முத்தறதுக்கு ஒக்காந்துகினு கீறேம்மா. இன்னும் வெளுக்கல."

"எது வெளுக்கல?"

"பொரைதான்."

அம்மையார் விளக்கை அணைத்தார். "உங்களுக்குப் புரையே இல்லைம்மா."

நீ சிரித்தாய். மறக்க முடியாத சிரிப்பு அது. "அப்போ நல்லாத்தான் கீதா?" என்றாய்.

அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கண்ணுக்குள் ஊறுகிற நீர் வடியாமல் அழுத்தம் ஏறிவிட்டது. பின்னால் இருக்கும் நரம்பு அதனால் சிறிது சிறிதாகச் செத்துவிட்டது. "ஓரத்துலேருந்துதான் பார்வை போகும். நடுவில கடைசியாத்தான் போகும். அதனாலதான் உங்களுக்குத் தெரியல. இது வலிக்காது, வெளுக்கவும் வெளுக்காது. காத்திருந்தா முத்தறது இல்ல, போயிக்கிட்டே இருக்கும்."

"போனது வராதா?"

"வராதும்மா. ஒரு கண்ணு முடிஞ்சுபோச்சு. இன்னொண்ணுல ஊசித் துளை அளவு இருக்கு. அதை எவ்வளவு நாள் நிறுத்தி வைக்கலாம்னு பாக்கறேன்." சொட்டு மருந்தை எழுதியபடியே கேட்டார். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி."

"அவரைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க. இது குடும்பத்துல ஓடற நோய். எனக்கு ஒண்ணும் தெரியலையேன்னு சொல்லுவார். ஒண்ணும் தெரியாதப்பவே வரணும். அப்ப வந்தாதான் பிழைக்கும்."

நாம் கிளம்புமுன், ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறதென்று காண, உன் ஒரு கண்ணை மூடச் சொல்லி, தம் மூக்கையே பார்க்கச் சொல்லி, பக்கவாட்டில் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். அவர் கை உன் முகத்துக்கு நேராக வரும்வரை உனக்கு அங்கே ஒரு கையே இல்லை. பந்தலைவிட்டு வெளியே வந்தபோது உன்னைப் பற்றி நீ ஒரு சொல்லும் பேசவில்லை. "அவனை எப்படி இட்டாறது?" என்று மட்டும் கேட்டாய். உன் கண் உனக்கு அந்த நொடியோடு முடிந்துபோன செய்தி. உன் தம்பியின் கண் தொடங்கியது.

நீ இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பி. பிள்ளைகுட்டிக்காரன். பழவேற்காட்டு ஏரியில் படகின் பின்முனையில் நின்று கழி ஊன்றித் தள்ளுகிறவன். நீ அவன் வீட்டு முற்றத்தில் நின்று கெஞ்சியபோது நானும் இருந்தேன்.

"எனக்கு இன்னா கொள்ளை? அக்கரைல கொக்கு நின்னா எத்தினி காலுல நிக்குதுன்னு இங்கேருந்து சொல்லுவேன்."

"நானும் அப்படித்தான்டா சொல்லிக்கினு இருந்தேன்."

"உனக்கு வயசாச்சி, அக்கா."

"உன்னைத் தூக்கினவதான்டா நான். ஊரைத் தூக்கினவ இல்ல. அவ்ளோ ஒண்ணும் வயசு ஆவல."

அவன் மறுத்ததன் வேர் வேறு. ஏரியில் மீன் மிகுந்த இடங்களை, இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது உங்கள் வழக்கம்; அதற்குப் பாடு என்று பெயர். நல்ல வழக்கம்தான். வலியவன் வாரிக்கொண்டு போகாமல் தடுக்கும் வழக்கம். ஆனால் உடல் முழுமையாக இல்லாதவன் பெயரைப் பாட்டிலிருந்து தள்ளிவைப்பதும் அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண் மருத்துவரிடம் போகிறான் என்றாலே, கண் போயிற்று என்று கரை முழுவதும் பேசும். அடுத்த முறைவைப்பில் அவன் பெயர் இராது. ஆகவே கெட்டபின் போகலாம், கெடுமுன் போகக் கூடாது. இப்படியோர் ஊர்க்கட்டுப்பாட்டை அறிவுள்ள கூட்டம் எதுவும் வைக்குமா? உன் தம்பி அஞ்சியது இருட்டுக்கு அன்று, ஊர் வாய்க்கு.

நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். அடுத்த வாரமே குப்பத்தின் நடுவில் பேசினேன். என் வாழ்நாளின் சிறந்த உரைகளில் அது ஒன்று. கண்ணுக்குள் ஊறும் நீரை ஏரிக்கும், அது வடியும் வழியை முகத்துவாரத்துக்கும் ஒப்பிட்டேன். முகத்துவாரம் தூர்ந்தால் ஏரி கரையை அழுத்துவதுபோல் என்று அவர்கள் அறிந்த நீரைக்கொண்டே விளக்கினேன். பெண்கள் கண் கலங்கினார்கள். தலைவர் எனக்குத் துண்டு போர்த்தினார். ஒருவரும் கண்ணைக் காட்ட வரவில்லை.

"பேச்சு எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசின. எந்தம்பி கையைத் தட்டினான், அந்தச் சத்தத்தைக்கூடக் கேட்டேன். தட்டி முடிச்சிட்டு ஊட்டுக்குப் போயிட்டான்."

அதன்பின் நீ என் உதவியை நாடவில்லை. பாடு வைக்கும் நாளில் என்னை வரச் சொல்லியனுப்பினாய், வாய் திறக்கக் கூடாது என்ற உறுதியின்மேல்.

அம்மன் கோயில் முன்னால் மணலில் ஆண்கள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். பெண்கள் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. நீ வந்தாய், ஒரு கையால் காற்றைத் துழாவியபடி.

"இன்னாமே, ஆம்பளைங்க ஒக்காந்துகிற எடத்துல?" என்றார் தலைவர்.

"ஆம்பளைங்களா? எங்க கீறாங்க? எனக்குத் தெரியலியே, கண்ணு போச்சில்ல."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் நீ அவர் எதிரே போய் அமர்ந்துவிட்டாய். "தலைவரே, பாடு வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வெளையாட்டு. ஒரு கண்ணைப் பொத்திக்கோ. இன்னொரு கண்ணால என் மூக்கையே பாரு. வேற எங்கனா பாத்தே, உம் பொண்டாட்டியாண்ட சொல்லிடுவேன்."

அவர் மறுக்க முடியாதபடி அவை முழுவதும் சிரித்தது. நீ அவர் மூக்கைத் தொட்டு இடம் அறிந்துகொண்டு, மறு கையைப் பக்கவாட்டில் நீட்டி விரல்களைக் காட்டினாய். "எத்தினி?" அவர் சொன்னார். கண் மாற்றச் சொன்னாய். சொன்னார். அடுத்தவன் தானே முன்வந்தான். ஆட்டம் பற்றிக்கொண்டது. ஒருவன் மூக்கைக் கிள்ளினாய். ஒருவனைப் பார்த்து, "குடிச்சிக்கினு வந்துட்டு மூணை ஆறுன்றியேடா" என்றாய். வட்டம் சுற்றி உன் தம்பியிடம் வந்தாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் மறுத்தால் அதுவே பேச்சாகிவிடும். சிரித்துக்கொண்டே வலக்கண்ணைப் பொத்தினான்.

நீ கையை நீட்டினாய்.

"எத்தினிடா?"

"மொதல்ல கையைக் காட்டுக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். உன் கை வெயிலில், விரித்த இரண்டு விரல்களோடு, அத்தனை பேரும் காணும்படி நீண்டிருந்தது.

"காட்டுக்கா, இன்னாத்துக்கு லேட் பண்ற?"

நீ கையை மெல்ல, மிக மெல்ல, உன் முகத்தை நோக்கிக் கொண்டுவந்தாய். கை உன் தோளைத் தாண்டி வந்த பின்பு அவன் சொன்னான். "தோ, ரெண்டு." சொன்ன பின்புதான் சுற்றிலும் இருந்த அமைதி அவனுக்கு உறைத்தது. கண்ணிலிருந்து கையை எடுத்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பின்வரிசையில் ஒரு வாய் திறந்தது. "கண்ணு இல்லாதவனுக்குப் பாடு எதுக்கு?"

நீ அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினாய். அக்கா, நான் கேட்ட உரைகளிலும் ஆற்றிய உரைகளிலும் அதற்கு ஈடானது இல்லை. "அவன் கண்ணுல இன்னும் பாதிக்கு மேல கீதுடா. ஒரு சொட்டு மருந்து வுட்டா நிக்கும். நீங்க அல்லாரும் முழுக் கண்ணை வெச்சிக்கினு, நாள் தவறாம எம் மூஞ்சைப் பாத்து, வெளுக்கல வெளுக்கலன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே. கண்ணு இல்லாதவன் யாரு? உங்க யாருக்குடா பாடு வெக்கணும்?"

ஒருவரும் நிமிரவில்லை. அவர்கள் மேல் எனக்கு இரக்கம் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. உன் தம்பியின் பெயர் பாடு முறையில் நின்றது. அவன் திரும்பிவரும்வரை அவன் மைத்துனன் கழி ஊன்றட்டும் என்றார் தலைவர். மறைக்க இனி ஒன்றும் இல்லாததால் உன் தம்பி மறுநாளே சென்னைக்குப் போனான். ஒரு கண்ணில் அறுவை செய்தார்கள். இரண்டுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போனது போயிற்று. மிச்சம் நின்றது.

ஆனால் உன்னோடு அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். ஊர் முன்னே தன்னைக் குருடனாகக் காட்டியவள் என்று மனைவியிடம் சொன்னான். உன் வாசலைத் தாண்டித்தான் ஏரிக்குப் போகவேண்டும். வாய் திறக்காமல் போனான். நான் உனக்காகக் கொதித்தேன். நீ கொதிக்கவில்லை. "பேசாமப் போறான். என்னைப் பாத்துக்கினுதானே போறான்? பாக்கட்டும், அண்ணாத்தே" என்றாய்.

எஞ்சிய ஊசித் துளையோடு நீ மீண்டும் புதுவாயலில் சாக்கு விரித்தாய். ஒரு புதுச் சட்டம் போட்டாய். "ஒரு கண்ணைப் பொத்து. அப்பால வெலை சொல்றேன்." ஓட்டுநர்கள் சிரித்துக்கொண்டே பொத்தினார்கள். ஆலைத் தொழிலாளர்கள் பொத்தினார்கள். பொத்த மறுத்தவர்கள் படித்தவர்கள்தாம். ஓர் அலுவலர், தாம் மெத்தப் படித்தவர் என்றும் தமக்கு இந்தக் கூத்து வேண்டாம் என்றும் சொன்னார். "படிச்ச கண்ணுதானே சாமி, மூடினா தேஞ்சிடாது" என்றாய். அவர் மீன் வாங்காமல் போனார். கண்ணையும் காட்டாமல் போனார். விரல்களைச் சரியாகச் சொன்னவனையும் நீ விடவில்லை. "விரலு தெரியுதுன்னு சும்மா இருந்துடாத. எனக்கும் மொதல்ல தெரிஞ்சிக்கினுதான் இருந்துச்சி. நாப்பது தாண்டிட்டியா, டாக்டராண்ட போயி உள்ள பாக்கச் சொல்லு." நான் வாழ்நாள் முழுவதும் பேசியவற்றை இந்த மூன்று வரிக்குள் நீ அடக்கிவிட்டதை நான் பொறுத்துக்கொண்டேன்.

ஊசித் துளையும் ஒரு நாள் அடைபட்டது. சாக்கை மடித்தாய். பிறகு நீயும் போனாய். உன் தம்பி உன் தலைமாட்டில் நின்றான், அப்போதும் பேசாமல்.

உன் பதினாறாம் நாள் கழிந்த பின் ஒரு பிற்பகலில் அவன் என்னைத் தன் படகில் ஏற்றினான். நீரைக் கண்டால் நடுங்குகிற என்னை அவன் ஏன் ஏற்றினான் என்று கேட்கவில்லை. ஏரியில் வலைக்கு நட்ட கழிகள் கூட்டமாக நின்றன. அவன் பின்முனையில் நின்று ஊன்றித் தள்ளினான். அவன் தலை ஓயாமல் இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் அதைக் கவனிப்பதைக் கண்டு, "டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்க. பார்வை இல்லாத பக்கத்துக்குத் தலையை அனுப்பணுமாம்" என்றான்.

கழிகளுக்கு ஊடே படகு நுழைந்து வெளியேறியது. ஒன்றிலும் உரசவில்லை.

"அக்கா மேல எனக்கு இன்னும் கோவம்தாண்ணே. அத்தினி பேர் முன்னால நிக்க வெச்சிடுச்சே."

"இருக்கட்டும்பா" என்றேன்.

தலையைத் திருப்பி அந்தப் பக்கத்து நீரைப் பார்த்தபடியே அவன் சொன்னான். "எம் பொண்ணை இட்டுக்கினு போயிக் காட்டிக்கினு வந்தேன் போன வாரம். அதுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் பாக்குது. சும்மா காட்டினேன். வருசா வருசம் வான்னாங்க. போவேன்."

ஒன்றும் இல்லாதபோதே ஒரு பிள்ளையின் கண்ணைக் காட்டிய முதல் மனிதன் அந்தக் கரையில் அவன்தான். அதை உன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னான். நான் உனக்குச் சொல்லிவிட்டேன்.

அக்கா, அழைக்கிற மேடைகளுக்கு இன்றும் போகிறேன். ஊரின் மேல் எனக்கிருந்த இகழ்ச்சி ஒரு துளியும் குறையவில்லை. உன்னிடம் பட்டுக் கூர்மைதான் ஏறியது. முன்வரிசையில் மாலைக்காரர்கள் அமர்ந்திருப்பார்கள். என் முதல் சொல்லுக்கே கைதட்ட ஆயத்தமாக இருப்பார்கள். நான் ஒலிபெருக்கியின் முன் நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல், எல்லோரையும் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே பொத்துகிறார்கள். ஒரு கை கண்ணின்மேல் இருக்கும்போது யாராலும் கைதட்ட முடிவதில்லை. அந்த அமைதியில் நான் கையைப் பக்கவாட்டில் நீட்டி, எத்தினி என்று கேட்கிறேன், அக்கா. எத்தனை என்று கேட்பதில்லை.